நூற்றியெட்டுக்கு இரண்டு பேர் குரல் கொடுத்த நாள்

தம்பி,

இன்று காலை ஸ்ரீரங்கம் லாட்ஜில், ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் மூலையில், நெட் இல்லை என்று காட்டுகிற அந்த மஞ்சள் முக்கோணம் மறுபடி வந்து நின்றது. இப்போது ரிப்பேருக்கு வருகிற ஆள் அதை அணைத்து மறுபடி போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் சொல்லச் சொல்ல மகள் இதை எழுதுகிறாள். போய்ச் சேர்ந்தவருக்கு எதற்குக் கடிதம் என்று அவள் கேட்கவில்லை.

நீங்கள் வந்த அன்றைக்கும் இப்படித்தான். நாலு நாளாக நெட் வரும், போகும். ஏகாதசிக் கூட்டம் ரூம் கேட்டு வாசல்வரை நிற்கிறது. முதலாளி அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். "பெருக்குறேன்னு வயரை இழுத்து இழுத்து விடுறே. நாளையிலேர்ந்து வராதே." எனக்கு அறுபது தாண்டியிருந்தது. வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து பஸ் பிடித்து, நெட்டைச் சரிபார்க்க நீங்கள் வந்தீர்கள். உங்கள் லேப்டாப்பில் படம் எதுவும் கிடையாது, கறுப்புத் திரைதான். "இது லினக்ஸ்ண்ணே. மூஞ்சி உர்ருன்னு இருக்கும், பொய் சொல்லாது." மெஷினுக்கு மெஷின் ஒரு நம்பர், ரிசப்ஷனுக்கு நூற்றியெட்டு. "இப்ப நூத்தியெட்டு யாருன்னு கூப்பிடப் போறேன். ஒருத்தர்தான் குரல் குடுக்கணும்" என்று ஒரு வரி தட்டினீர்கள். இரண்டு பேர் குரல் கொடுத்தார்கள். மெஷின் செய்த இடத்திலேயே போட்டு அனுப்புகிற அடையாளம் ஒன்று உண்டாமே, அது இரண்டு பதிலிலும் வேறு வேறாக இருந்தது. ரிசப்ஷன் வயரைக் கழற்றினீர்கள். அப்போதும் ஒரு பதில் வந்துகொண்டே இருந்தது.

"யாருண்ணே இந்த இன்னொருத்தர்?"

"வெள்ளிக்கிழமை மாடியில கேமராப் பெட்டி மாட்டுனாங்க தம்பி. அன்னிக்கு மத்தியானத்துலேர்ந்துதான் இந்தக் கூத்து." எனக்கு எழுத்துதான் வராது, நாள் மறக்காது.

மாடிக்குப் போய்ப் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தீர்கள்; அந்த இரண்டாவது அடையாளமேதான் என்று சிரித்தீர்கள். திவ்யதேசக் கணக்கு, ராசியான எண் என்று முதலாளிதான் ரிசப்ஷனுக்கு நூற்றியெட்டு கேட்டு வாங்கியிருந்தார். அதே பக்தியில், கேமரா மாட்டிய அவர் மச்சினர் அதற்கும் அதே எண்ணைப் போட்டிருக்கிறார். "ராசி நல்லதுதான் சார். ஆனா ஒரு நாற்காலியில ரெண்டு பேர உக்கார வச்சிட்டீங்களே."

கேமராவுக்கு வேறு நம்பர் கொடுத்தீர்கள், முக்கோணம் போயிற்று. "சரி, போய் வேலையப் பாரு" என்றார் முதலாளி. நான் நகர்ந்துவிட்டேன். நீங்கள் நகரவில்லை. "அண்ணன் மேல தப்பில்லைன்னு சொல்லிடுங்க சார். எல்லார் முன்னாடியுந்தானே திட்டுனீங்க?"

சொன்னார், பல்லைக் கடித்துக்கொண்டு. அடுத்த மாதம் உங்களுக்குப் பதில் வேறு ஆள் வந்தார். "அவனுக்கு வாய் ஜாஸ்தி, இனிமே கூப்பிடாதீங்க" என்று முதலாளி ரிசப்ஷன்காரரிடம் சொன்னபோது, பக்கத்தில்தான் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பிறகு உங்களைச் சத்திரம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். "உங்க வேலை இருக்குல்லண்ணே, அது போதும்" என்று டீ வாங்கிக் கொடுத்தீர்கள். குடித்தேன். முதலாளி அப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்ததை அப்போதும் சொல்லவில்லை.

போன பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வேலையில்தான் இன்னும் சாப்பிடுகிறேன், தம்பி. சோறு இறங்கத்தான் இறங்குகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.