பெய்யாத மழைக்கு எழுதிய ஓலைகள்

நன்னீர் பெருகுக, நல்விளைவு நிலைக்க. ஏழ்கழி நாட்டுக்கு உரியவளும் கடற்கோட்டை கொண்டவளுமாகிய அரசி அலர்மதி நாச்சியார், நம் ஆணைக்கீழ்க் குறும்பொறை நாடு காக்கும் வேள் வெண்கொற்றனாருக்கு விடுக்கும் திருவோலை. உமது மலையும் சுனையும் குடிகளும் நலமே வாழ்க.

நம் பாட்டனார் காலத்தில் துறைமுகத்து ஓலைகள் துறைமுகத்திலும், களஞ்சியத்து ஓலைகள் களஞ்சியத்திலும் கிடந்தன. நெல் எவ்வளவு என்று அரசர் வினவினால் இரண்டு இடத்திலிருந்தும் இரண்டு விடை வரும். தந்தையார் அவை அனைத்தையும் தலைநகரில் ஒரே மண்டபத்தில் சேர்த்து, ஊர்தோறும் ஒரே அளவையால் எழுதச் செய்தார். நம் காலத்திலோ அமைச்சர் கீரங்கொற்றனார் அவ்வோலைகளை ஆண்டுவாரியாக அடுக்கி, சென்ற மழையைக் கொண்டு வரும் மழையைக் கணிக்கும் முறை கண்டார். பஞ்சம் வருமுன்னே நெல் போய்ச் சேர்ந்தது. அவரைத் தேரில் ஏற்றி மகிழ்ந்தோம்.

இவ்வாண்டு நம் ஆட்சிக்குட்பட்ட வெண்பாலை நாட்டில் நன்மழை என்றது கணிப்பு. அங்கிருந்து வந்த ஓலைகளும் அவ்வாறே சொல்லின. ஆயினும் உப்பு வணிகர் சிலர், அந்நாட்டு மக்கள் கிழங்கும் கிட்டாமல் புளியங்கொட்டையை வேகவைத்து உண்கின்றனர் என்று அரண்மனை வாயிலில் முறையிட்டனர். அமைச்சர் சினந்தார். அவர்கள் பொய்யர் என்று காட்டுவதற்காகவே தாமே குதிரையேறிப் புறப்பட்டார்.

வறண்ட ஏரிக்குள் ஆடுகள் நிற்கக் கண்டபோது, முதலில் வழி தவறியதாகவே எண்ணினாராம். ஊர்க்கணக்கன் சாத்தங்குமரனை அழைத்து, ஏரி நிறைந்ததென எழுதியது ஏன் என்று வினவினார். அவன் கைகட்டி நின்று, "ஐயா, போன வருசம் மழை இல்லேன்னு உள்ளபடிதான் எழுதினேன். கணிப்புக்கு மாறா எப்படி எழுதலாம்னு தலைநகர்லேர்ந்து ஆளுங்க வந்து, என்னை ஊர் நடுவுல நிறுத்தி, வேற ஓலை எழுதி வாங்கிட்டுப் போனாங்க. கணிப்புப்படி எழுதினா யாரும் வர்றதில்லீங்க" என்றான்.

அமைச்சர் அவனை ஒறுக்கவில்லை. அந்த ஆட்களை அனுப்பிய ஆணையில் இருந்தது தம் இலச்சினையே என்பதை அவர் அறிவார். அச்சத்தால் எழுதிய அவ்வோலைகளைக் கொண்டுதான் இவ்வாண்டுக் கணிப்பும் செய்யப்பட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தம் சொல்லையே ஊரார் கையெழுத்தில் திரும்பப் படித்து, அதை உண்மை என்று நம்பியிருக்கிறார்.

கணிப்பு இசையாமல் எக்களஞ்சியமும் திறக்கலாகாது என்று விதித்தவரும் அவரே. அவ்விதியை மீறி அவ்வூர்க் களஞ்சியத்தின் பூட்டை உடைப்பித்தார். அதற்குள் கிழக்குத் தெருவில் முதியோர் பலர் இறந்திருந்தனர். நாம் அழைத்தும் அவர் திரும்பவில்லை. கஞ்சித் தொட்டியருகே அகப்பை பிடித்து நிற்கிறார் என்று தூதர் உரைக்கின்றனர்.

வேளே, உம் நாட்டு ஓலைகளும் நம் முன் இருக்கின்றன. அவை கணிப்போடு ஒரு மரக்காலும் பிசகாமல் பொருந்துகின்றன. முன்பாயின் மகிழ்ந்திருப்போம். இன்று அஞ்சுகிறோம்.

ஆதலால் இவ்வோலை கண்டவுடன் நீரே ஊர்தோறும் சென்று அடுப்புகளைப் பார்ப்பீராக. பசி கண்ட இடத்தில் களஞ்சியத்தைத் திறந்துவிட்டுப் பிறகு எமக்கு எழுதுக. கணிப்புக்கு மாறாக எழுதியவரை அதட்ட இனி எவருக்கும் உரிமையில்லை.

நண்டு இலச்சினை இட்டு, நம் கையாலேயே எழுதினோம். ஓலை கொணர்ந்தவனுக்கு உணவளித்து அனுப்புக. அவன் உண்டு எழுமுன் உமது குதிரை கோட்டைவாயிலைக் கடந்திருக்க வேண்டும். இது ஆணை.