படத்தில் கேட்டேன்

ஆடி 12, திங்கள்
காலையிலிருந்தே காற்று. சன்னலைக் கயிறு போட்டுக் கட்டியும் படபடப்பு நிற்கவில்லை. பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. தெருவில் அத்தனை விசைத்தறியும் நின்று சத்தம் ஓய, ஓடிப்போய் செல்போனில் பதிவு. வரலாறு, எட்டாம் பாடம், பாதி. கண் தெரியாதவர்கள் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்க நான் வாசித்துப் போடும் பாடங்கள். இன்னும் பதினாறு பாக்கி.

லேப்டாப் செத்து நாலு நாள். அது இல்லாமல் பதிவை வெட்டி ஒட்ட முடியாது. பாதிப் பாடத்தோடு பரீட்சைக்குப் போவார்களே என்றுதான் பயம். பாடம் கேட்கிறவர்களிடமே பண உதவி கேட்கலாம் என்றேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "ஏட்டி, நாம என்ன கையேந்துத ஆளா? சொந்தக்காரன் எவனாவது பாத்தா?"

எனக்கும் அதே கூச்சம்தான்.

ஆடி 13, செவ்வாய்
வாங்க வேண்டியது: வெண்டைக்காய், தீப்பெட்டி, சார்ஜர் வயர்.

ஏழு தடவை பேசிப் பதிவு செய்து ஏழையும் அழித்தேன். எல்லாமே "தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பிக்கிறது. கடைசியில் பேசவே இல்லை. பணம் அனுப்பும் க்யூஆர் கோடு, கீழே அழகாக நாலு வரி, ஓரத்தில் சிவப்புப் பூ. அந்த ஒரே படம் வீடியோ சேனல், பாட்காஸ்ட், வாய்ஸ் குரூப் மூன்றிலும். அப்பாடா, வாய் திறக்காமல் முடிந்தது.

ஆடி 15, வியாழன்
ஒருவரும் பணம் அனுப்பவில்லை. குரூப்பும் கப்சிப். இரண்டு வருஷம் தொண்டை கட்ட வாசித்ததற்கு இதுதானா? அழுகையாக வந்தது. குழம்பில் உப்பு இரண்டு தடவை. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் எரிச்சல்.

ஆடி 16, வெள்ளி
மதியம் இவர் சாப்பிட வந்த நேரம், கடையநல்லூர் ரஹ்மத் போன். குரூப்பில் முதலில் சேர்ந்த பெண், பிறவியிலேயே பார்வை இல்லை. ஸ்பீக்கரில் போட்டேன்.

"யக்கா, செவ்வாக்கெழம என்னமோ போட்டியளே, அது என்னது? போனு 'படம்'னு மட்டும் சொல்லுது. ஒங்களுக்கு ஒடம்புக்கு எதுவுமோன்னு எல்லாரும் பயந்து கெடக்கோம். கேக்கதுக்கும் கூச்சம்."

கண் தெரியாதவர்களிடம் படத்தைக் காட்டிவிட்டு, மூன்று நாள் கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். "நல்லா இருக்கேன், செத்த நேரத்துல சொல்லுதேன்" என்று வைத்தேன்.

கரண்ட் போனது. தறி நின்றது. குரூப்புக்குப் பேசப் போனை எடுத்தேன். "தப்பா நினைக்காதீங்க" வாய்வரை வந்தது, விழுங்கினேன். லேப்டாப் போச்சு, பதினாறு பாடம் பாக்கி, உங்க உதவி வேணும் என்று சொல்லி, பணம் அனுப்பும் நம்பரையும் சொன்னேன். இந்தத் தடவை அழிக்கவில்லை.

இவர் கை கழுவியபடி, "நம்பர வேகமா சொல்லிட்டியே. இன்னொரு தடவ மெதுவா சொல்லு, அவங்க மனசுல வாங்கணும்லா" என்றார்.

சொன்னேன்.