முன்கண்ணாடியில் போட்ட சிலுவை

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த அர்த்த ராத்திரியில் எழுதுவதற்கு மன்னியுங்கள். ரீனா இப்போதுதான் தூங்கினாள். உங்கள் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? இங்கே மூவரும் சுகம்.

லீவுக்கு மஸ்கட்டிலிருந்து சலாலா போய் வாடகைக்குக் கார் எடுத்தோம். நீங்கள் கொடுத்தனுப்பிய மாதா கோயில் எண்ணெயால் முன்கண்ணாடியில் சிலுவை போட்டேன். கொஞ்சம் தாராளமாகவே தடவிவிட்டேன். மலைப்பாதையில் தூறல் விழுந்ததும் வைப்பர் அதைக் கண்ணாடி முழுக்கப் பூசிவிட்டது. எதிரே எதுவும் தெரியாமல் உங்கள் மருமகன் முன்னால் போன பிக்கப் வண்டியில் இடித்துவிட்டார். லேசான இடிதான். ஆனால் அந்த டிரைவர் ஸ்பேனரோடு இறங்கி வந்து ஜன்னலை உடைத்து, இவரை வெளியே இழுத்துப் போட்டு மிதித்தான்.

"ஏலே, விடுறா அவர!" என்று கத்தினேன்.

"ஏனுங்க, நீங்க தமிழுங்களா?" என்று திரும்பினான். அதற்குள் நான் ஓடிப்போய், கையிலிருந்த ரீனாவின் பால் பிளாஸ்க்கை அவன் நெற்றியில் இறக்கிவிட்டேன். விழுந்தவனை மறுபடியும் மறுபடியும் அடித்தேன்.

"போதும் ஏஞ்சல், செத்துருவான்!" என்று இவர்தான் என்னைப் பிடித்து இழுத்தார். பின்சீட்டிலிருந்து ரீனா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குத் தையல், இவருக்கு விலாவில் வீக்கம். போலீசில் சமாதானமாகிவிட்டோம், பயப்படாதீர்கள்.

யாராவது வந்தால் பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். நான் ஊட்டினால் ரீனா சாப்பிடுவதில்லை. தலைவாரக் கையைத் தூக்கினாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள் அம்மா. இது எப்போது மாறும்? நான் என்ன செய்யட்டும்?

சிணுங்குகிறாள், முடிக்கிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் ஏஞ்சலின்