பெயர் எழுதாத சீட்டு

அன்பு மகனுக்கு, அப்பா தன் கையாலேயே எழுதுவது.

நம்பமாட்டாய். யாரிடமும் சொல்லி எழுதவைத்தது இல்லை இது. ஏழு மாதமாக, பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே மாலையில் நடக்கும் பெரியவர்கள் வகுப்புக்குப் போகிறேன். வீட்டில் மூச்சு விடவில்லை. நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவேன். தூரத்தில் இருக்கும் உன்னை முதல் கடிதத்தால் அசத்த நினைத்தேன். இந்த ஒரு பத்திக்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. விரல் வலிக்கிறது, மனசு குதிக்கிறது.

ஆனால் உட்கார முடியவில்லை. நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து வாசலைப் பார்க்கிறேன். உன் பெரியவன் பள்ளி விட்டு வரும் நேரம்.

பிள்ளைகள் அடிதடி, போதை என்று போய்விடாமல் இருக்க அவர்களோடு பேச, புதன்தோறும் பள்ளிக்கு ஓர் ஆலோசகர் அம்மா வருகிறார். வகுப்பு வாசலில் பெட்டி மாட்டியிருக்கிறார். "உனக்குப் பயமானதை எழுதிப் போடு, பெயர் வேண்டாம்" என்று அதில் இருக்கும். நான் தடுமாறாமல் படித்த முதல் வாசகம் அதுதான். கிழவன் போடக்கூடாது என்று எங்கேயும் இல்லையே!

பெரியவனின் பை வார் அறுந்திருந்தது. தைக்க எடுத்தேன். புத்தகங்களுக்கு நடுவே கத்தி. கேட்க வாய் வரவில்லை, எழுதினேன். "எங்கள் வீட்டுப் பெரியவன் பையில் கத்தி வைத்திருக்கிறான். எனக்குப் பயம்."

என் கோணல் எழுத்தைப் பார்த்து, யாரோ சின்னக் குழந்தை என்று நினைத்துவிட்டார் அந்த அம்மா. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் போய் "அண்ணன் பையில கத்தி இருக்குன்னு யாருடா கண்ணு பயப்படுறது?" என்று கேட்டிருக்கிறார். செய்தி மேல் வகுப்புக்குப் போக எவ்வளவு நேரமாகும்? பெரியவன் வந்ததும் இரண்டாம் வகுப்பில் இருக்கும் தங்கையைப் பிடித்துக்கொண்டான். "போட்டுக் குடுத்திட்டியேடி, குட்டிப் பிசாசே!" "நான் இல்லண்ணா" என்று அவள் அழுத அழுகை இருக்கிறதே! இரண்டு நாள் அவன் அவளிடம் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நாள்தான் என் தப்பு.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது, எழுதியது நான் என்றேன். "சும்மா இரு தாத்தா, உனக்குக் கட்டைவிரல்தானே கையெழுத்து" என்று சிரித்தான். சின்னவள் பென்சிலை வாங்கி அதே இரண்டு வரியை அவன் எதிரிலேயே எழுதினேன். முடிப்பதற்குள் அவன் சிரிப்பு நின்றது. உன் வீட்டுக்காரி கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அவனுங்க மூணு பேரு தாத்தா, நான் ஒருத்தன். தினம் பஸ் ஸ்டாப்புல நிக்கிறானுங்க. வேற என்ன பண்றது?" என்றான். கத்தியைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டான். தங்கையிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவள் பையையும் அவனே தூக்கிக்கொண்டு போகிறான்.

நான் போய்ச் சொன்னதும் ஆலோசகர் அம்மா திகைத்துப்போனார். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வகுப்பில் போய்க் கேட்டது தன் தப்பு என்றும் சொன்னார். அந்த மூவரும் இதே பள்ளிப் பையன்கள்தானாம்; வரும் புதன்கிழமை நாலு பேரையும் வீட்டுக்கு ஒரு பெரியவரோடு உட்காரவைக்கப் போகிறார். நான் போகிறேன். ஆனால் அந்த மூன்று பேரும் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள், இவன் கையில் இப்போது ஒன்றுமில்லை.

"அப்பாகிட்ட சொல்லாதே, கொன்னுடுவாரு" என்கிறான். உன் வீட்டுக்காரிக்கும் அதே பயம். அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரியாமல், இந்தக் கடிதத்தைப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பப் பேப்பர் கடைக்காரரிடம் சொல்லப்போகிறேன்.

புதனுக்குள் அவனோடு பேசு. சத்தம் போடாதே. அவர்கள் யார், எத்தனை நாளாக என்று கேள். அவன் முடிக்கும்வரை குறுக்கே போகாதே. பதினாறு வயதில் நீ பல் உடைந்து வந்து நின்றாயே, அன்று நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். பெல்ட்டைத்தான் எடுத்தேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், ராஜா.

உன் அப்பா