இரண்டு கைக்கும் ஆசை

டவ்னி, கலிபோர்னியா
14 நவம்பர் 1966

அன்பு மகள் நடீனுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குட்டிப்பெண் எல்லோரும் சுகம்தானே? இங்கே இன்னும் குளிர் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் குழந்தையோடு வருவதாக எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை அப்பா மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அன்றிலிருந்து ஐந்து பவுண்டு மாவுப் பையை வைத்துக்கொண்டு குழந்தை தூக்கப் பழகுகிறார். சிரிக்காதே.

ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம். மூளையின் இரண்டு பாதியையும் இணைக்கிற நரம்புக் கற்றையை வெட்டினால் வலிப்பு நிற்கும் என்றார்கள். நின்றது. ஆனால் வலது கை சட்டைப் பொத்தானைப் போடப் போட, இடது கை பின்னாலேயே அவிழ்க்கிறது. ஆறு மாதத்தில் அடங்கிவிடும் என்றார்கள், அடங்கவில்லை. "உன்னைவிடப் பிடிவாதம்டி இதுக்கு" என்று என்னிடம் சொல்லி, அந்தக் கையை ஒரு தட்டுத் தட்டிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைச் சம்மதிக்க வைத்தவள் நான்தானே.

செவ்வாய்க்கிழமை பாசடேனா ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனோம். திரையில் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், படம் ஒரு கணம் மின்னி மறையும். இடப்பக்கம் மின்னினால் மூளையில் பேசத் தெரியாத பாதிக்குத்தான் போகும். வாய் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லும், இடது கைதான் பதில் காட்டும். பிடித்திருந்தால் கட்டைவிரல் மேலே, இல்லாவிட்டால் கீழே. அந்தக் கைக்குக் குழந்தையைப் பிடிக்காமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். நீ அனுப்பிய குழந்தை போட்டோவை அங்கிருக்கும் ஹென்ட்ரிக்ஸ் என்ற மாணவனிடம் கொடுத்து, இடப்பக்கம் காட்டச் சொன்னேன்.

"ஒண்ணும் தெரியலப்பா, சும்மா வெளிச்சம்" என்றார் அப்பா. இடது கட்டைவிரல் விறைப்பாக மேலே நின்றது. அவர் கண்ணில் நீர் கொட்டியது. ஏன் அழுகிறீர்கள் என்று அவன் கேட்டதற்கு, "நீ ஊதுற சிகரெட்டுதான், கண்ணு எரியுது" என்றார். அவன் சிகரெட்டே பிடிப்பதில்லை. என்ன படம் காட்டினார்கள் என்று அவரிடம் சொல்லக் கூடாதென்பது அங்கே சட்டம். வீடு வரும்வரை வாயை அடக்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தேன்.

வந்ததும் மாவுப் பையை நீ பின்னிய போர்வையில் சுற்றித் தூக்கினார். வலது கை மார்போடு அணைத்தது. இடது கையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. "விடு சனியனே!" என்று இடது கையைப் பார்த்துக் கத்தினார். அதுவும் விடவில்லை, இதுவும் விடவில்லை. பை கிழிந்து சமையலறையெல்லாம் மாவு.

கையைக் கட்டிவிட்டுக் கொடுக்கலாமே என்பாய். மறுநாள் பெல்ட்டால் கட்டிப் பார்த்தேன். தோளோடு உடம்பே அந்தப் பக்கம் இழுபட்டு, புதுப் பை கீழே விழுந்தது. தூர நின்று காட்டலாம் என்றால், அவர் கை நீட்டுவார். இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

அதனால் வராதே, கண்ணே. குழந்தைக்குச் சளி, பயணம் வேண்டாமென்று டாக்டர் சொன்னார் என்று அப்பா பெயருக்கு ஒரு கடிதம் போடு. நம்பிவிடுவார். அடுத்த வருஷத்துக்கும் ஏதாவது காரணம் யோசித்து வை. என் பேத்தியைக் கர்த்தர் நல்லபடியாக வளர்க்கட்டும்.

உன் அம்மா,
வெர்னா