கவர் இல்லாத டீ

செவ்வாய், இரவு. ஜமுனாமரத்தூர்.

என் கடையில் பிளாஸ்டிக் கவரில் டீ கட்டித் தருவதை நிறுத்திவிட்டேன். பாத்திரம் கொண்டுவந்தால்தான் பார்சல். இன்று எதிரே இருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் டீ வாங்க வந்தாள்.

"கவர் இல்லம்மா, சொம்பு எடுத்துக்கினு வா" என்றேன்.

"வூட்டுக்காரருக்கு ஜொரம்க்கா. அவசரமா ஜீப்புல ஏத்திக்கினு வந்தேன். சொம்புக்கு எங்க போவேன்?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. திரும்பி நடந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி, டீயை ஊற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"காலையில கழுவிக் குடுத்துடறேன்க்கா" என்று வாங்கிக்கொண்டாள்.

கவரை நிறுத்தியது சரிதான். அவசரமாக வருகிறவர்களுக்கென்று கடையில் இரண்டு தூக்கு வைக்கத் தோன்றவில்லையே. நாளை வாங்க வேண்டும்.

அவருக்கு ஜுரம் இறங்கியதா என்று கேட்காமலே வந்துவிட்டேன்.