நீங்கள் நண்டு தின்னப் போகும் கடை

என் வீட்டுக்காரருக்கு,

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை. அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

உங்கள் அக்கா குடும்பத்தோடு வேன் பிடித்து நான் வேலைக்கு வந்திருக்கும் இந்தத் தீவைச் சுற்றிப் பார்க்க நீங்கள் போட்ட திட்டம் கடிதத்தில் வந்தது. அருவி உண்டு, காடு உண்டு, நண்டு வறுவல் உண்டு. நான்தான் இல்லை. அந்த நண்டுக் கடையில்தான் நான் நண்டு கழுவுகிறேன். ஒரு நாளாவது என்ன வேலை என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நேற்று ஒன்று விரலைக் கவ்விவிட்டது, பெரிதாக ஒன்றுமில்லை. தைலம் கொண்டு வாருங்கள்.

லீவு கேட்டேன். "சீசன்ல லீவா? சாப்பிடுறவங்க பக்கம் தலையே காட்டக் கூடாது" என்று முதலாளி எரிந்து விழுந்தார். புகார் வந்தால் மட்டும் கழுவினவளை வெளியே கூப்பிட்டு நிறுத்துவார்.

அதனால் நண்டில் மண் இருக்கிறதென்று கத்துங்கள். என்மேல் கத்த உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். சீக்கிரம் நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் என்னை உள்ளே அனுப்பிவிடுவார்.